கோயிலும் கோனும்: லெ குயினின் கார்காட் இராச்சியம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

முற்போக்கு விமர்சகர் பலர் அதீதகற்பனைப் புனைகதைகளை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வதில்லை. டிராகன்களும் மந்திரவாதிகளும் மாயமோதிரங்களும் உலாவும் கதைகள், நடப்பியல் வாழ்வினின்றும் வாசகனைப் புறத்தே இட்டுச் செல்பவை என்பது அவர்தம் கருத்து. சந்தையை நிறைக்கும் பெரும்பாலான ஆக்கங்களைப் பொறுத்தமட்டில் இக்கருத்துப் பிழையானதன்று. பிறப்பால் உயர்ந்த இளவரசன் ஒருவன் தன் அரியணையை மீட்பதும், தீயவர் முகமற்ற கூட்டமாக அழிக்கப்படுவதும் அவற்றின் வாய்பாடாகும். ஆயினும் ஒரு வகையின் பெரும்பான்மையைக் கொண்டு அவ்வகை முழுவதையும் தள்ளிவிடுதல் விமர்சனம் ஆகாது. இல்லாத உலகொன்றைப் படைக்கும் ஆசிரியர், அங்கே அரசு எவ்வாறு தோன்றிற்று, கோயிலை யார் ஆள்கின்றனர், வரி எங்கே செல்கின்றது என்ற வினாக்களுக்கு விடை கூறியோ கூறாமல் மழுப்பியோ தீரவேண்டும். அவ்விடைகளில் அவரது சமூகநோக்கு வெளிப்படும்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குயின் (1929 - 2018) படைத்த ஏர்த்சீ என்னும் தீவுலகின் கீழ்த்திசையிலுள்ள கார்காட் இராச்சியம் இவ்வகையில் நோக்கற்பாலது. 'ஏர்த்சீயின் மந்திரவாதி' (1968), 'அற்றுவானின் கல்லறைகள்' (1971), 'மிகத் தொலைவான கரை' (1972) ஆகிய மூன்று நாவல்களும், நீண்ட இடைவெளியின் பின் வந்த 'தெஹானு' (1990), 'ஏர்த்சீக் கதைகள்' (2001), 'மற்றைய காற்று' (2001) ஆகியனவும் இவ்வுலகைப் பற்றியவை. குலத்தலைவர்களின் நாடு பேரரசாகியவாறும், அம்மாற்றத்தில் தெய்வங்கள் அடைந்த கதியும் இவற்றினூடே சொல்லப்படுகின்றன. அவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கி, ஆசிரியரின் பார்வையிலுள்ள வலுவையும் வரையறையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

லெ குயினின் தந்தையார் அல்பிரட் குரோபர், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறையை நிறுவியவர். தாயார் தியடோரா குரோபர், அழிக்கப்பட்ட யாஹி மக்களில் எஞ்சியிருந்த இஷி என்பவரின் வாழ்க்கையை நூலாக எழுதி 1961இல் வெளியிட்டவர். பழங்குடி மக்களின் சடங்கு, உறவுமுறை, வாய்மொழி மரபு முதலியன லெ குயினுக்கு வீட்டுப் பேச்சாகவே இருந்தன எனலாம். பிற்காலத்தில் 'உடைமை நீத்தோர்' (1974) என்னும் நாவலில் அரசற்ற சமுதாயமொன்றைக் கற்பனை செய்தவரும் இவரே. எனவே கார்காட் பற்றிய அவரது சித்திரிப்பை வெறும் அலங்காரப் பின்னணியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

முதல் நாவலில் கார்காட்டினர் கொள்ளையராகவே அறிமுகமாகின்றனர். கொன்ற் தீவின் மலைக்கிராமமொன்றை அவர்கள் தாக்க, கெட் என்னும் சிறுவன் மந்திரத்தால் மூடுபனியை எழுப்பி ஊரைக் காக்கின்றான். இங்கு ஒன்றை மனங்கொள்ளவேண்டும். நாகரிகமுடைய தீவுக்கூட்டத்தினர் செம்பழுப்பும் கருமையுமான நிறத்தினர். கொள்ளையராக வருவோரே வெண்ணிறத் தோலும் பொன்னிற முடியும் உடையோர். ஐரோப்பிய வீரக்கதைகளின் நிறவரிசையை ஆசிரியர் கருதியே தலைகீழாக்கினார். 2004இல் இக்கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக்கியோர் கெட்டை வெள்ளையனாக்கியபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்தமை இதனை உறுதிப்படுத்தும். எனினும் தலைகீழாக்குதல் மாத்திரம் போதாது. 'காட்டுமிராண்டி' என்னும் இடம் அப்படியே இருக்க, அவ்விடத்தில் நிற்பவரின் நிறம் மட்டும் மாறியுள்ளது. இக்குறையை உணர்ந்தவர் போன்று, இரண்டாம் நாவலில் அவர் கார்காட்டின் உள்ளே புகுகின்றார். கொள்ளையர் எனத் தோன்றியோருக்கு ஒரு வரலாறும் ஒரு சமயமும் உண்டென்பது அப்போதுதான் தெரியவருகின்றது.

2

கரேகோ-அற், அற்றுவான், ஹூர்-அற்-ஹூர், அற்னினி என்னும் நான்கு பெருந்தீவுகளைக் கொண்டது கார்காட். அற்றுவானின் பாலைநிலத்தில் பெயரற்றோர் எனப்படும் இருட்சக்திகளுக்குரிய கல்லறைத்தலம் உள்ளது. அங்கே மூன்று வழிபாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. அடித்தளத்தில் இருப்பது பெயரற்றோர் வழிபாடு. அதற்கு உருவமில்லை, விளக்கு ஏற்றுதல் கூடாது, நிலத்தின் கீழேயுள்ள சுரங்கவழிகளே அதன் கருவறை. அதன்மேல் அற்வா, வூலுவா என்னும் இரட்டைத் தெய்வச் சகோதரரின் வழிபாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவபாத் நகரில் உயிரோடு அரசாளும் தேவராசனின் வழிபாடு.

இம்மூன்றும் மூன்று அரசியற் காலங்களின் படிவுகளாகும். தலத்தைச் சூழ்ந்த இடிந்த மதிலைக் காட்டி, மனான் என்னும் அலிப்பணியாளன் சிறுமியான பூசாரினிக்குக் கூறும் விளக்கம் இந்நாவலின் திறவுகோல் எனலாம். முன்னாளில் நாடெங்கும் சிற்றரசரும் குலத்தலைவரும் ஓயாது தம்முள் பூசலிட்டனர். பூசல் தீர்க்கவேண்டியபோது ஆளும் படையுமாக இத்தலத்துக்கு வந்தனர். பூசாரினி பெயரற்றோரிடம் கேட்டு முடிவு கூறினாள். பின்னர்ப் பூசக அரசர் எழுந்து ஒரு தீவையும், தொடர்ந்து மற்றொன்றையும் கைப்பற்றினர். இறுதியில் நான்கு தீவுகளும் தேவராசனின் பேரரசாயின. இப்போது பூசலை அடக்க அவனது படை போதும். தானே தெய்வமாதலின் பெயரற்றோரைக் கேட்கவேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. இவ்வாறு அவன் கூறி முடிக்கின்றான்.

குலங்கள் தம்முள் சமநிலையில் மோதும் காலத்தில், எக்குலத்துக்கும் சொந்தமாகாத ஒரு நடுவிடம் தேவைப்படுகின்றது. பண்டைக் கிரேக்கத்தில் டெல்பித் தலம் ஆற்றிய பணி இத்தகையதே. தலத்தின் புனிதம் அதன் நடுவுநிலைமையினின்றும் பிறந்தது. ஓர் அரசு எழுந்து வன்முறையைத் தன் ஏகபோகமாக்கியதும் அந்நடுவிடத்தின் பயன் ஒழிகின்றது. பயன் ஒழிந்தும் சடங்கு ஒழிவதில்லை. அரியணை மண்டபத்தின் கூரை சிதைந்துள்ளது. அதனைப் பழுதுபார்ப்பார் இல்லை. தேவராசனின் கோயிலோ புதியது, நன்கு பேணப்படுவது. எந்தக் கட்டிடத்துக்குப் பொன் வருகின்றது, எதற்கு வருவதில்லை என்பதைக் கொண்டே ஒரு சமயத்தின் அரசியல் நிலையை ஆசிரியர் காட்டிவிடுகின்றார்.

பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஆராய்ச்சி செய்தபோது அவருக்கு வழிகாட்டிய ஜோர்ஜ் தொம்சன், 'ஈஸ்கிலசும் ஏதென்சும்' (1941) என்னும் நூலில், குலச் சமுதாயத்தின் தெய்வங்கள் நகர அரசுக்குள் உள்வாங்கப்பட்டவாற்றை நாடகங்களின் துணைகொண்டு விளக்கினார். கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் நாடகத்தொகுதியின் இறுதியில், இரத்தப்பழி வாங்கும் முதுதெய்வங்களாகிய எரினிகள், அதீனாவின் நயவுரையால் இணங்கி, நகரின் நிலத்தடியில் மதிப்புக்குரிய இருக்கை பெறுகின்றனர். கைலாசபதியின் 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) நமது பழைமையை ஆராய்வதற்கு இதனையொத்த நோக்கினைக் கையாண்டது. லெ குயின் காட்டுவதும் அத்தகையதோர் உள்வாங்கலே. ஆனால் ஏதென்சில் முதுதெய்வங்களுக்கு ஊரார் தீப்பந்தம் ஏந்தி வழியனுப்பு விழா எடுத்தனர். கார்காட்டில் விழாவில்லை; ஒழுகும் கூரையே எஞ்சுகின்றது. கிரேக்க நாடகாசிரியர் இணக்கத்தைக் கொண்டாடினார். இருபதாம் நூற்றாண்டு நாவலாசிரியரோ அவ்விணக்கத்தின் விலையை எண்ணிப் பார்க்கின்றார்.

3

'ஏர்த்சீக் கதைகள்' நூலின் பின்னிணைப்பான நாட்டுவிவரணம், இவ்வரலாற்றுக்கு மேலும் துலக்கம் தருகின்றது. இரட்டைத் தெய்வங்களின் தலைமைப் பூசகர் அரசரினின்றும் அதிகாரத்தைக் கவர்ந்து, இருவராக இருந்து ஆண்டனர். தீவுக்கூட்டக் கணக்கின்படி 840ஆம் ஆண்டில் அவர்களுள் ஒருவன் மற்றவனுக்கு நஞ்சூட்டிக் கொன்று, தன்னை வான்தந்தையின் அவதாரமென அறிவித்தான். தேவராச மரபின் தொடக்கம் இதுவே. தெய்வீகத்தின் வேரில் ஒரு நச்சுக்கிண்ணம் இருந்தது என்ற இக்குறிப்பு, பல பக்க வாதங்களினும் கூர்மையானது. பழைய ஹூப்புன் அரசகுலத்தின் இறுதி வாரிசுகளான இரு குழந்தைகளைத் தேவராசன் ஒருவன் கொல்லவில்லை. அரச இரத்தம் சிந்த அஞ்சி, ஆளற்ற மணற்றிட்டொன்றில் அவர்களை விட்டுவிடுகின்றான். தன்னைத் தெய்வமென்போன் பழியச்சத்தால் நடுங்குவது முரண்பாடு போலத் தோன்றலாம். உண்மையில் புதிய அரசு பழைய குலமரபின் நம்பிக்கைகளை அழிக்கவில்லை; அவற்றுக்கு அஞ்சிக்கொண்டே அவற்றின்மேல் ஏறி அமர்ந்துள்ளது. முதுமை எய்திய அவ்வுடன்பிறப்புகளை, அலைகடலில் வந்து ஒதுங்கிய கெட் முதல் நாவலிற் சந்திக்கின்றான். முதியவள் அவனுக்கு அளிக்கும் உடைந்த மோதிரத் துண்டே பின்னர்க் கதையை நடத்துகின்றது.

நம்பிக்கைக்கும் அதிகாரத்துக்குமுள்ள உறவைத் தலத்துப் பெண்கள் மூவரிடத்தே காணலாம். இரட்டைத் தெய்வங்களின் தலைமைப் பூசாரினி தார் கடுமையானவள்; நேர்மையானவள். எழுத்தைச் சூனியமென விலக்கும் அந்நாட்டில், சுரங்கவழிகளின் திருப்பங்களையெல்லாம் மனத்தில் நிறுத்தி அடுத்த தலைமுறைக்கு வாய்மொழியாய் ஒப்புவிப்பவள் அவளே. தேவராசனின் பூசாரினி கொஸ்ஸிலுக்கு அதிகாரத்தைத் தவிர வேறொன்றிலும் பற்றில்லை. ஒளிபடக்கூடாத கல்லறைக்குள் அவள் விளக்கோடு இறங்கி, புதைகுழியைத் தோண்டிப் பார்க்கின்றாள். ஆயிரமாண்டு விலக்கு மீறப்பட்டும் எவ்விடியும் விழவில்லை. மதத்தின் பேரால் ஆள்வோர் அம்மதத்தை நம்பவேண்டிய கட்டாயமில்லை என்ற உண்மையை இக்காட்சி ஆரவாரமின்றி உணர்த்துகின்றது.

மூன்றாமவள் பென்தே, கோயிலில் வளரும் இளம்பெண். தேவராசனும் ஏனைய மனிதரைப்போல நகம் வெட்டிக்கொள்ள வேண்டியவன்தானே என்கின்றாள் அவள். அவன் தெய்வமென்பதை மறுக்கவில்லை; இறந்தபின் இன்னும் நல்ல தெய்வமாவான் என்பது அவள் எண்ணம். உரோமப் பேரரசர் பலர் இறந்த பின்னரே தெய்வமாக அறிவிக்கப்பட்டனர் என்பதை அறிந்தோர் இந்நகைச்சுவையின் ஆழத்தை உணர்வர். யப்பானியப் பேரரசர் தாம் வாழும் தெய்வமென்னும் கருத்தை மறுத்து அறிக்கை விடுத்தது 1946இலேயே. பென்தேயின் சொற்கள் கிளர்ச்சியன்று. ஆயின் பொதுமக்களின் இயல்பறிவு அதிகாரத்தின் புனைவை எவ்வளவு தூரம் நம்புகின்றது என்பதற்கு அவை அளவுகோலாகும்.

4

இத்தகைய அமைப்பின் சுமை யார் தலையில் விழுகின்றது? பழைய பூசாரினி இறந்த இரவிற் பிறந்த பெண்குழந்தையைத் தேடிப்பிடிப்பது கார்காட்டின் வழக்கம். அவளே மறுபிறவி எடுத்து வந்தாள் என்பது கோட்பாடு. தெனார் என்னும் சிறுமி அவ்வாறே பழத்தோட்டக் குடியானவரின் வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, வாளால் வெட்டுவது போன்றதொரு சடங்கின் பின் தன் பெயரை இழக்கின்றாள். இனி அவள் பெயர் ஆர்ஹா; உண்ணப்பட்டவள் என்பது பொருள். நேபாளத்திலே சிறுமியரைக் குமாரித் தெய்வமாகத் தெரிந்தெடுக்கும் வழக்கம், 2008இல் முடியாட்சி ஒழிந்த பின்னரும் தொடர்கின்றமை இங்கு நினைவுக்கு வரும். தெய்வமாக்கப்படும் குழந்தை தன் குழந்தைமையைப் பறிகொடுக்கின்றது. பறிப்போர் அதனைப் பேறு என்பர்.

சடங்கு எவ்வாறு அரசின் கருவியாகின்றது என்பதை மூன்று கைதிகளின் நிகழ்ச்சி காட்டுகின்றது. தேவராசனுக்கு எதிராகச் சதி செய்தோர் நாவறுக்கப்பட்டுக் கல்லறைத்தலத்துக்கு அனுப்பப்படுகின்றனர். பெயரற்றோருக்குப் பலி என்பது வெளித்தோற்றம்; அரசியல் எதிரியை ஓசையின்றி ஒழித்தல் உள்நோக்கம். முடிவு கூறவேண்டியவளோ ஒரு சிறுமி. உணவும் நீரும் ஒளியுமின்றி அவர்களை விட்டுவிடும்படி அவள் ஆணையிடுகின்றாள். பின்னர்க் கனவுகளில் அலறுகின்றாள். கைகறைபடாத அரசனுக்காக, ஒன்றுமறியாக் குழந்தை கொலைகாரியாக்கப்படுகின்றாள். முன்னாளில் அரசரின் பூசலைத் தீர்த்த இருக்கை, இன்று அரசனின் கொலைக்களமாய்ச் சுருங்கிவிட்டது. தலத்தின் வீழ்ச்சியை உணர்த்த இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மோதிரத்தின் மற்றப் பாதியைத் தேடிவந்து சுரங்கத்தில் அகப்பட்ட கெட்டை, ஆர்ஹா கொல்லாது காப்பாற்றுகின்றாள். இருவரும் வெளியேற, நிலம் அதிர்ந்து கல்லறைகள் இடிகின்றன. தன் பழைய பெயரை அவள் மீளப் பெறுகின்றாள். விடுதலையின்பின் அவள் மகிழ்ச்சியில் துள்ளவில்லை. இழந்த ஆண்டுகளுக்காகவும் இறந்த மூவருக்காகவும் அழுகின்றாள். விடுதலை ஒரு பாரமென்பதை இத்துணை நேர்மையுடன் காட்டும் பகுதிகள் இவ்வகை நாவல்களில் அரியன.

5

இனி இந்நாவலின் வரையறைகளை நோக்குவோம். தேவராச வழிபாட்டை வரலாற்று நோக்கில் பகுத்துக்காட்டிய ஆசிரியர், அடித்தளத்திலுள்ள பெயரற்றோரிடம் வந்ததும் அந்நோக்கைக் கைவிடுகின்றார். அச்சக்திகள் உண்மையில் உண்டு, தீயவை, ஆனால் வணங்கத்தக்கவையல்ல என்று கெட் கூறுகின்றான். நிலநடுக்கம் அவன் கூற்றை மெய்ப்பிக்கின்றது. அரசனின் தெய்வீகம் பொய், பழங்குடியின் இருள் மெய் என்னும் இந்நிலைப்பாடு, மண்ணோடும் பெண்ணோடும் சார்ந்த பழைய வழிபாட்டைத் தீமையின் ஊற்றாக்கிவிடுகின்றது. இரண்டாவதாக, தெனாரின் விடுதலைக்கு வெளிநாட்டு ஆண்மகனொருவன் வரவேண்டியுள்ளது. அவள் தெரிவு அவளுடையதே எனினும், தெரிவுக்கான அறிவு வெளியிலிருந்தே வருகின்றது. மூன்றாவதாக, கோயில்களையும் படைகளையும் உழைத்து ஊட்டிய குடியானவர் தோட்டத்து வாயிலிலேயே மறைந்துவிடுகின்றனர்.

முதலிரு குறைகளையும் லெ குயினே பின்னர் எதிர்கொண்டார் என்பது அவரது சிறப்பு. வீரக்கதை மரபு ஆண்களின் மரபாகவே இருந்ததையும், தாம் அதற்குள் நின்றெழுதியதையும் 1992இல் ஒக்ஸ்போர்ட்டில் ஆற்றிய உரையில் அவர் ஆராய்ந்தார். 'தெஹானு'வில் தெனார் குடியானவனின் கைம்பெண். அவளது வீட்டுவேலையும், எரியுண்ட சிறுமியொருத்தியை அவள் பேணுதலுமே கதையின் நடுப்பொருள். 'ஏர்த்சீக் கதைக'ளில் மண்ணின் முதுசக்திகள் இயல்பில் தீயவையாகத் தோன்றுவதில்லை. மந்திரவாதிகளின் புகழ்பெற்ற கல்விக்கூடமே பெண்களின் பங்கோடு நிறுவப்பட்டு, பின் அவர்களை வெளியேற்றியது எனத் தெரியவருகின்றது. தீமையின் இருப்பிடம் நிலத்தினின்றும் நிறுவனத்துக்கு மாறியுள்ளது. இம்மாற்றம் சிறிதன்று.

'மற்றைய காற்று' மேலும் ஓரடி செல்கின்றது. இறந்தோர் சுவருக்கப்பால் வறண்ட நிலத்தில் நிழலாய்த் தேங்குவர் என்பது தீவுக்கூட்டத்து அறிஞரின் கொள்கை. இறந்தோர் மீண்டும் பிறப்பர், மண்ணோடு கலப்பர் என்பது கார்காட்டினரின் நம்பிக்கை. முன்னோர் செய்த பழைய உடன்படிக்கையை மீறியோர் அறிஞர்களே என்பதும், சாவாமை விரும்பிய அவர்களது பேராசையே வறண்ட நிலத்தை உண்டாக்கியது என்பதும் இறுதியில் வெளியாகின்றன. 'காட்டுமிராண்டி'களின் சமயத்திலே மெய்யறிவு பேணப்பட்டிருந்தது. 1968இல் நிறவரிசையை மட்டும் மாற்றிய ஆசிரியர், 2001இல் அறிவின் வரிசையையே மாற்றினார் எனலாம். அதே சமயத்தின் பேரால் தெனார் சிறையிருந்தாள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒரு மக்களின் நம்பிக்கையில் உண்மையுண்டு என ஏற்பதற்கும், அந்நம்பிக்கையை ஆள்வோர் கருவியாக்கியதைக் கண்டிப்பதற்கும் முரண்பாடில்லை. சமயத்தை முற்றாகத் தூக்கியெறிவோரும் முற்றாகத் தூக்கிப்பிடிப்போரும் கருத்திற்கொள்ளவேண்டிய நிலைப்பாடு இது.

மூன்றாவது குறையோ நீங்கவில்லை. தேவராச ஆட்சி வீழ்கின்றது; வீழ்த்துபவன் ஹூர்-அற்-ஹூர்த் தீவிலிருந்து எழுந்த தோல் என்னும் படைத்தலைவன். கதைக்கு வெளியே அது நடந்து முடிகின்றது. மக்கள் எழுந்தார்களா, கோயில் நிலங்கள் என்னவாயின, வரி குறைந்ததா என்ற வினாக்களுக்கு இடமில்லை. வெற்றிபெற்ற தலைவன் முதலில் செய்வது தன் மகள் செசெராக்கை, முகம் மூடி, மொழியறியாத அந்நிய அரசனுக்கு மணப்பெண்ணாகக் கப்பலேற்றுவது. கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட சிறுமியின் கதையோடு தொடங்கிய கார்காட் வரலாறு, அரண்மனைக்கு அனுப்பப்பட்ட இளம்பெண்ணின் கதையோடு முடிகின்றது. தெய்வம் வீழ்ந்தது; குலத்தலைவன் மீண்டான்; பெண் கைமாறும் பொருளாகவே உள்ளாள். லெ குயின் இதனை அறியாதவரல்லர். மொழியைக் கற்றுத் திரையை விலக்கிப் பேசும் பெண்ணாகச் செசெராக்கை அவர் வளர்ப்பதும், அவளுக்கு அம்மொழியைக் கற்பிப்பவளாகத் தெனாரையே வைத்திருப்பதும் அவரது விடையாகும். ஒருகாலத்தில் உண்ணப்பட்டவள், மற்றொருத்தி உண்ணப்படாதவாறு காக்கின்றாள்.

இவ்விடை தனிமனித உறவின் தளத்தில் நிறைவானது. சமூகத்தின் தளத்தில் அரைவிடையே. அரசையும் கோயிலையும் ஊடுருவி நோக்கிய ஆசிரியர், அவற்றைத் தாங்கிய உழைப்பை நோக்கியிருப்பாராயின் கார்காட் இன்னும் முழுமையான உலகமாயிருக்கும். எனினும், அரசு தெய்வத்தை எவ்வாறு ஆக்குகின்றது, ஆக்கிய தெய்வத்தின் பேரால் எவ்வாறு கொல்கின்றது, அக்கொலையை யார் கையால் செய்விக்கின்றது என்பவற்றை ஒரு சிறுமியின் அனுபவத்தினூடாக அவர் காட்டியவாறு இவ்வகை நாவல்களில் எளிதிற் காணக்கிடைப்பதன்று. நடப்பியல் நாவலே சமூக உண்மையைக் கூறவல்லது என்ற நமது கருத்தை மீளாய்வு செய்ய இந்நாவல்கள் இடமளிக்கின்றன. உலகம் கற்பனையாயிருக்கலாம். அதன் கோயிற் கூரையை யார் வேய்கின்றனர் என்ற வினா கற்பனையன்று.